பந்து கையில் பட்டது தெரிகிறது. குற்றமா என்பதில்தான் சண்டை

2018 ஏப்ரல் 16-ஆம் தேதி, திங்கட்கிழமை இரவு. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் நடந்த புண்டஸ்லிகா (அந்நாட்டின் முதல்நிலை லீக்) ஆட்டத்தில் முதல் பாதி முடிந்ததாக நடுவர் கிடோ விங்க்மன் விசில் ஊதினார். எதிரணியான ஃப்ரைபுர்க்கின் வீரர்கள் உடைமாற்றும் அறைக்குள் போய்விட்டார்கள். அந்த நேரத்தில், கொலோன் நகரில் திரைகளுக்கு முன் அமர்ந்திருந்த காணொளி நடுவர் பிபியானா ஸ்டைன்ஹவுஸ், விசிலுக்குச் சற்று முன்பு ஃப்ரைபுர்க் தடுப்பாட்டக்காரர் மார்க் ஆலிவர் கெம்ஃபின் கையில் பந்து பட்டிருக்கிறது என்று விங்க்மனின் காதுக்கருவி வழியே தெரிவித்தார். நடுவர் மைதான ஓரத்துத் திரையில் காட்சியைப் பார்த்தார், பெனால்டி என்று கை காட்டினார், அறைக்குள் போன வீரர்களை வெளியே வரவழைத்தார். மைன்ஸின் பாப்லோ தெ பிளாசிஸ் பெனால்டியை கோலாக்கினார். உடனே இரண்டாவது முறையாக இடைவேளை விடப்பட்டது.

விதிப்படி பார்த்தால் அன்று எந்தத் தவறும் நடக்கவில்லை. பந்து கையில் பட்டது உண்மை, காணொளி அதைக் காட்டியது, நடுவர் முடிவைத் திருத்தினார். ஆனால் இடைவேளை என்று நம்பி எழுந்த ரசிகனுக்கு, தன் கண்ணெதிரே முடிந்துபோன ஆட்டத்தின் ஒரு பகுதி வேறொரு ஊரில் முடியாமல் இருந்தது என்பது பெரிய அதிர்ச்சி. காணொளி நடுவர் முறை குறித்தும் ஹேண்ட்பால் விதி குறித்தும் ஐரோப்பிய ரசிகர்கள் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறைகளின் வேர் இந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது. (தமிழில் கைப்பந்து என்றால் வாலிபால்தான் நினைவுக்கு வரும் என்பதால், கையால் பந்தைத் தொடும் குற்றத்தை இங்கே ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன்.)

வி.ஏ.ஆர். எனப்படும் இந்த முறையைக் கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியமான ஐ.எஃப்.ஏ.பி. 2018 மார்ச் மாதம் விதிப்புத்தகத்தில் சேர்த்தது. ஜெர்மனியும் இத்தாலியும் 2017-18 பருவத்தின் தொடக்கத்திலேயே சோதனையாக இதைத் தொடங்கியிருந்தன. ரஷ்யாவில் நடந்த 2018 உலகக் கோப்பையில் பயன்பட்ட பிறகு, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2019-20 பருவத்தில் ஏற்றுக்கொண்டது. எல்லா முடிவுகளிலும் காணொளி நடுவர் (வி.ஏ.ஆர். என்பதன் பொருளே அதுதான்) தலையிட முடியாது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, தவறான வீரருக்கு அட்டை காட்டுவது ஆகிய நான்கில் மட்டுமே, அதிலும் மைதான நடுவர் தெளிவான, வெளிப்படையான பிழை செய்திருந்தாலோ முக்கியமான ஒன்றை அவர் கவனிக்காமல் விட்டிருந்தாலோதான் தலையிட வேண்டும் என்பது தொடக்கத்தில் வகுக்கப்பட்ட விதி. இறுதி முடிவு எப்போதும் மைதான நடுவருடையதே.

இதைக் கொண்டுவந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படும் பழைய காயங்களில் பல, கை சம்பந்தப்பட்டவை. 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானத்தில் மாரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் அடித்த கோலை துனிசிய நடுவர் அலி பென்னாசர் கவனிக்கவில்லை. 2009 நவம்பர் 18 அன்று பாரிஸில், அயர்லாந்துக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் பிரான்சின் தியரி ஹென்றி பந்தைக் கையால் அணைத்துத் தட்டிக் கொடுக்க, வில்லியம் காலாஸ் கோல் அடித்தார். அயர்லாந்து உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. அயர்லாந்து வழக்குத் தொடுக்காமலிருக்க ஃபிஃபா 50 லட்சம் யூரோ கொடுத்ததாக 2015-இல் தெரியவந்தபோது, ஆறு ஆண்டுகளாக ஆறாமல் இருந்த கோபம் அந்த ரசிகர்களுக்கு மறுபடியும் கிளம்பியது. இந்த இரண்டு நிகழ்வுகளிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீரர் வேண்டுமென்றே கையைப் பயன்படுத்தினார் என்பதை மைதானத்திலிருந்த பாதிப் பேர் பார்த்தார்கள், தொலைக்காட்சியில் அனைவரும் பார்த்தார்கள், நடுவர் மட்டும் பார்க்கவில்லை. அந்த ஒருவருக்குக் காட்சியைக் காட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் முற்றிலும் நியாயமானது. ரசிகர்களில் பெரும்பாலோர் கேட்டதும் அதைத்தான்.

அவர்களுக்குக் கிடைத்தது வேறு. காமிரா வந்தபிறகு மாரடோனா போன்றவர்கள் கோல் அடிக்க முடியாமல் போனது, அது நன்மை. ஆனால் அதே காமிரா, முன்பு யாரும் கண்டுகொள்ளாத நூற்றுக்கணக்கான உரசல்களையும் திரைக்குக் கொண்டுவந்தது. ஒரு பெனால்டிப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து பேர் குதிக்கும்போது பந்து யாருடைய முழங்கையிலாவது, விரல் நுனியிலாவது படத்தான் செய்யும். அவற்றில் எது குற்றம் என்று கேட்டபோது, பழைய விதியிடம் காமிராவுக்குப் பொருத்தமான பதில் இல்லை.

பழைய விதி மிக எளிமையானது: வீரர் பந்தை வேண்டுமென்றே கையால் தொட்டால் குற்றம். வேண்டுமென்றா, தற்செயலா என்பதை முடிவுசெய்ய, கை பந்தைத் தேடிப் போனதா அல்லது பந்து வந்து கையில் மோதியதா, பந்து எவ்வளவு அருகிலிருந்து வந்தது என்பவற்றை நடுவர் எடைபோட்டார். இது வீரரின் மனதைப் படிக்கும் வேலை. இதில் நடுவருக்கும் கேலரியில் இருப்பவனுக்கும் ஒரே தகுதிதான். பள்ளி மைதானத்தில் ஆடிய எவனுக்கும் அந்த வித்தியாசம் தெரியும். காட்சியை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, நெருக்கத்தில் காட்டும் திரையில் மனம் தெரியாது. கையின் இடம்தான் தெரியும். ஆகவே விதி மெல்ல மெல்ல மனதிலிருந்து கையின் இடத்துக்கு நகர்ந்தது. 2019 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், உடலின் அளவை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கும் வகையில் கை இருந்தால் குற்றம், தோளுக்கு மேல் கை உயர்ந்திருந்தால் பெரும்பாலும் குற்றம், தாக்கும் அணியின் கையில் தற்செயலாகப் பட்டு கோல் விழுந்தாலும் அது செல்லாது என்றெல்லாம் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு, கை எங்கே தொடங்குகிறது என்பதற்கே விளக்கம் தேவைப்பட்டது. அக்குளின் அடிப்பகுதிக்கு நேராக ஒரு கோடு வரையப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்படாத அந்தக் கோடு இப்போது தேவைப்பட்டதே, என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

மாற்றத்தின் தொடக்கத்தை உலகமே பார்த்த நாள் 2018 ஜூலை 15. மாஸ்கோவில் உலகக் கோப்பை இறுதியாட்டம், பிரான்சும் குரோஷியாவும் 1-1. கிரீஸ்மன் அடித்த கார்னரை எட்டக் குதித்த பிளேய்ஸ் மத்துய்தியின் தலைக்குப் பந்து எட்டவில்லை; அவருக்கு நேர் பின்னால் இருந்த குரோஷியாவின் இவான் பெரிசிச்சின் கையில் மோதிக் கீழே போனது. மத்துய்தியின் உடல் மறைத்திருந்ததால் பெரிசிச்சுக்குப் பந்து கண்ணில் பட்டு, கை விலகுவதற்கு ஒரு நொடியின் சிறு துண்டுகூடக் கிடைத்திருக்காது. ஆனால் கை உடலிலிருந்து விலகி இருந்தது, பந்தை நோக்கிச் சற்றே அசைந்தது போலவும் தோன்றியது. அர்ஜென்டினா நடுவர் நெஸ்டர் பிட்டானா திரைக்கு ஓடினார், பார்த்தார், திரும்பி நடக்கத் தொடங்கினார், மனம் ஒப்பாமல் மறுபடி திரைக்கே போனார். பிறகு பெனால்டி கொடுத்தார். இறுதியில் பிரான்ஸ் 4-2 என்று வென்றது. பிட்டானா திரும்பிப் போன அந்த இரண்டாவது பார்வையை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தெளிவான, வெளிப்படையான பிழை என்றால் இரண்டாவது பார்வை எதற்கு?

காட்சியின் வேகத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பந்து கையில் பட்டதா, எந்த இடத்தில் பட்டது என்பன போன்ற உண்மைகளைத் தெரிந்துகொள்ள மட்டும் மெதுவாக ஓடும் காட்சியைப் பயன்படுத்த வேண்டும், அது குற்றமா என்று முடிவுசெய்ய இயல்பான வேகத்தில் பார்க்க வேண்டும் என்று வி.ஏ.ஆர். நெறிமுறையே சொல்கிறது. மெதுவாக ஓட்டினால் எல்லா அசைவும் வேண்டுமென்றே செய்ததுபோல் தெரியும் என்பதை அந்த நெறிமுறையை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். எனினும் வீட்டில் பார்ப்பவருக்கு ஒளிபரப்பில் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது பெரும்பாலும் மெதுவான காட்சிதான். ஆகவே நடுவர் சரியாக முடிவெடுத்தாலும், வேறு வேகத்தில் வேறொன்றைப் பார்த்த லட்சக்கணக்கான பேர் அவர் பிழை செய்தார் என்று நம்பிவிடுகிறார்கள்.

2019 மார்ச் 6 அன்று பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில், எதிரணி அடித்த பந்துக்கு முதுகைத் திருப்பிக் குதித்த பாரிஸ் அணியின் பிரெஸ்னெல் கிம்பெம்பேயின் கையில் பந்து பட்டது. முதலில் கார்னர் என்றிருந்தது காட்சிக்குப் பின் பெனால்டியாக மாறி, 90 நிமிடங்களுக்குப் பின் நடுவர் சேர்த்த கடைசி நிமிடங்களில் மான்செஸ்டர் யுனைடெட்டைக் காலிறுதிக்கு அனுப்பியது. முதுகைத் திருப்பியவர் எப்படி வேண்டுமென்றே தொடுவார் என்று பாரிஸ் ரசிகர்கள் கேட்டார்கள். சமூக ஊடகத்தில் கோபத்தைக் கொட்டிய பாரிஸ் வீரர் நெய்மாருக்கு மூன்று ஆட்டத் தடை விழுந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் டாட்டன்ஹாமின் எரிக் டையருக்கு இதே கதை: நியூகாஸ்டல் வீரர் ஆண்டி கரோல் தலையால் அடித்த பந்து, அவருக்கு முதுகு காட்டிக் குதித்துக்கொண்டிருந்த டையரின் கையில் மிக அருகிலிருந்து மோதியது. பெனால்டியால் ஒரு புள்ளி பெற்ற நியூகாஸ்டலின் பயிற்சியாளர் ஸ்டீவ் புரூஸே அந்த விதி அபத்தமானது என்று வெளிப்படையாகச் சொன்னார். தனக்குச் சாதகமான தீர்ப்பையே ஒருவர் குறை சொல்கிறார் என்றால், அது தோற்றவனின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது.

கோலைச் செல்லாததாக்கும் விதி இதைவிடக் கசப்பாக இருந்தது. 2021 மார்ச் 4 அன்று, டாட்டன்ஹாம் வீரர் அடித்து விலக்கிய பந்து, கையை உடலோடு வைத்திருந்த ஃபுல்ஹாமின் மரியோ லெமினா மீது மோதி, ஜோஷ் மாஜாவிடம் போய், கோலானது. லெமினா ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. ஆனாலும் கோல் நீக்கப்பட்டது, கீழ்நிலை லீகுக்குத் தரமிறக்கப்படுவோமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த ஃபுல்ஹாம் 1-0 என்று தோற்றது. மறுநாளே கூடிய ஐ.எஃப்.ஏ.பி. ஆண்டுக் கூட்டம் அந்த விதியை மாற்றியது. தற்செயலாகக் கையில் பட்டு சக வீரர் கோல் அடித்தால் அது செல்லும், கையில் பட்ட வீரரே உடனடியாக கோல் அடித்தால் மட்டும் செல்லாது என்று ஆனது. நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள் மாற்ற முடிவான விதி அது. ஆண்டுக்காண்டு சொற்கள் மாறும்போது, போன பருவத்தில் பெனால்டியாக இருந்தது இந்தப் பருவத்தில் ஏன் இல்லை என்று ரசிகன் கேட்பது நியாயமே.

2024 யூரோ கோப்பையில் இந்தக் குழப்பம் ஆறு நாள் இடைவெளியில், ஒரே அணியை வைத்து, இருபுறமும் வெளிப்பட்டது. ஜூன் 29 அன்று டார்ட்மண்ட் நகரில் ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் யோவாகிம் ஆண்டர்சன் அடித்த கோல், சக வீரர் தாமஸ் டெலனியின் கால் விரல் ஆஃப்சைடில் (எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி) இருந்ததால் நீக்கப்பட்டது. சில நிமிடங்களில் மறுமுனையில், ஜெர்மனியின் டேவிட் ரௌம் பக்கவாட்டிலிருந்து அடித்த கிராஸ் அதே ஆண்டர்சனின் கையை உரசியது. பந்துக்குள் பொருத்தப்பட்டிருந்த உணர்கருவி அந்த உரசலைப் பதிவு செய்ய, இதயத்துடிப்பு வரைபடம்போல் ஒரு கோடு தொலைக்காட்சித் திரையில் துள்ளியது. பேட்டில் பந்து உரசியதைக் காட்டும் ஸ்னிக்கோ மீட்டரைக் கிரிக்கெட்டில் பார்த்துப் பழகிய நமக்கு அது புதிதல்ல. காய் ஹாவர்ட்ஸ் பெனால்டியை கோலாக்க, ஜெர்மனி 2-0 என்று வென்றது. ஜூலை 5 அன்று ஸ்டட்கார்ட்டில் கூடுதல் நேரத்தில் ஜமால் முசியாலா கோலை நோக்கி அடித்த பந்தை ஸ்பெயினின் மார்க் குகுரெயாவின் கை தடுத்தது. நடுவர் ஆண்டனி டெய்லர் பெனால்டி கொடுக்கவில்லை, காணொளி நடுவரும் தலையிடவில்லை. மிகெல் மெரினோ 119-ஆம் நிமிடத்தில் அடித்த கோலால் ஜெர்மனி வெளியேறியது. ஆட்டத்தை மறுபடி நடத்தக் கோரிய இணைய மனுவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அரையிறுதியில் குகுரெயா பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் ம்யூனிக் மைதானம் கூச்சலிட்டது. அவர் ஏமாற்றவில்லை, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் மாதம், அது பெனால்டியாக இருந்திருக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் நடுவர் குழு கருத்துத் தெரிவித்தது.

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் பிரச்சினையின் உருவம் தெளிவாகும். 1992 நவம்பரில் டர்பனில் சச்சின் டெண்டுல்கர் மூன்றாவது நடுவரால் ரன் அவுட் கொடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் ஆனார். பேட் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பது உண்மை சார்ந்த கேள்வி. காட்சி பதில் சொல்லும், வாதம் முடியும். மேலும் கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பின் ஆட்டம் தானாகவே நிற்கிறது. கால்பந்தில் பந்து கோல் கோட்டைத் தாண்டியதா, வீரர் ஆஃப்சைடில் நின்றாரா என்பவை அந்த வகைக் கேள்விகள். ஹேண்ட்பால் பாதி அந்த வகை, மீதிப் பாதி வேறு வகை. பட்டதா என்பதற்குக் கருவி பதில் சொல்லும். கையின் நிலை அந்த வீரரின் உடல் அசைவுக்கு இயல்பானதா என்பது, 2021-க்குப் பிறகான விதியும் ஒப்புக்கொள்வதுபோல், நடுவரின் தீர்ப்பு. ஓடும்போதும் குதிக்கும்போதும் கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் மனிதன் இல்லை. தடுப்பாட்டக்காரர்கள் இப்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கிராஸ்களை எதிர்கொள்வதைப் பார்க்கும்போது, இயல்பான நிலை என்று விதி எதைச் சொல்கிறது என்பதே புரியாமல் போகிறது.

ரசிகர்களின் கருத்து ஒரே குரலில் இல்லை. வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு நடுவர் பார்க்கும் கோணங்கள் கிடைக்கின்றன, வர்ணனையாளர் விளக்குகிறார், காத்திருப்பும் ஒருவித பரபரப்பாகிறது. மைதானத்தில் இருப்பவருக்கு நடுவர் காதில் கை வைத்து நிற்பது மட்டுமே தெரிகிறது. காட்சியைத் திரும்பக் காட்டும் பெரிய திரைகளே இல்லாமல் லிவர்பூலின் ஆன்ஃபீல்டிலும் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டிலும் பல பருவங்கள் இந்த முறை நடந்திருக்கிறது. கோல் விழுந்ததும் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரைக் கட்டிக்கொள்ளும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் பலர் மழையிலும் குளிரிலும் மைதானத்துக்குப் போகிறார்கள். இப்போது அந்த மகிழ்ச்சி பாதியில் நின்று நடுவரைப் பார்க்கிறது. முக்கிய முடிவுகளின் துல்லியம் 82 சதவீதத்திலிருந்து 96 சதவீதமாக உயர்ந்தது என்று பிரீமியர் லீக் 2024-இல் சொன்னது. அந்த எண்ணை ரசிகர்கள் மறுக்க வேண்டிய தேவையில்லை. தாங்கள் கொடுத்த விலை அந்தக் கணக்கில் வரவில்லை என்பதே அவர்கள் சொல்வது. எனக்கு அவர்கள் சொல்வது சரியாகவே படுகிறது.

இங்கிலாந்தில் வோல்வர்ஹாம்டன் அணி 2024 கோடையில் இந்த முறையையே கைவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தபோது, ஆதரித்தது அந்த ஒரே அணி. 19-1 என்று தீர்மானம் தோற்றது. ஸ்வீடனில் நிலைமை நேரெதிர். அங்கே கழகங்களில் பெரும்பான்மை உரிமை உறுப்பினர்களான ரசிகர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. உறுப்பினர்கள் ஆண்டுக் கூட்டங்களில் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். கால்பந்துச் சங்கம் 2024-இல் திட்டத்தைக் கைவிட்டது. நார்வேயில் 2023-இல் முறை வந்துவிட்டது. 2024 ஜூலையில் ட்ரோண்ட்ஹைம் நகரில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் மீன் உருண்டைகளையும் மைதானத்தில் எறிந்து ரோசன்போர்க்–லில்லஸ்ட்ரோம் ஆட்டத்தையே பாதியில் நிறுத்தினார்கள். 2025 ஜனவரியில் கழகங்களில் பெரும்பாலானவை முறையை நீக்கப் பரிந்துரைத்தன. மார்ச் மாதம் கூடிய தேசியப் பொதுக்குழு அதைத் தொடர முடிவெடுத்தது.

இந்த முறை கிடைக்காதவர்களின் வலியும் உண்மையானது. 2024 ஜூன் 11 அன்று தோஹாவில், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் அடுத்த கட்டத்துக்குப் போகும் வாய்ப்போடு 1-0 என முன்னிலையில் இருந்த இந்தியாவுக்கு எதிராக, கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்ட பந்தைக் கத்தார் வீரர் ஒருவர் காலால் உள்ளே இழுக்க, யூசுஃப் அய்மன் அதை கோலாக்கினார். பந்து வெளியே போய்விட்டது என்று இந்திய வீரர்கள் முறையிட்டும் பயனில்லை. அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். இல்லை. இந்தியா 1-2 என்று தோற்று வெளியேறியது. அன்றிரவு விழித்திருந்து பார்த்த எவரிடமும் காணொளி வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது. பந்து கோட்டைத் தாண்டியது என்பதும் உண்மை சார்ந்த கேள்விதான் என்பதைக் கவனித்தால், ஸ்வீடன் ரசிகரும் இந்திய ரசிகரும் ஒருவருக்கொருவர் எதிரானவர்கள் அல்ல என்பது புரியும்.

தீர்வாகச் சிலவற்றை அமைப்புகளே சோதித்துவருகின்றன. 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவர்கள் முடிவை ஒலிவாங்கியில் அறிவித்தார்கள். பிற தொடர்களும் அதைப் பின்பற்றுகின்றன. பயிற்சியாளர்களே கிரிக்கெட்டைப்போல் மேல்முறையீடு கேட்கும் முறையை ஃபிஃபா சில போட்டிகளில் முயன்றிருக்கிறது. வேண்டுமென்றே செய்யாத ஹேண்ட்பாலால் கோல் வாய்ப்பு பறிபோனால் பெனால்டியோடு சிவப்பு அட்டைக்குப் பதில் மஞ்சள் அட்டை போதும் என்று 2024-25 பருவத்தில் விதி தளர்ந்தது. இவை எல்லாம் நல்லவையே. ஆனால் பெனால்டி ஏன் என்று நடுவர் ஒலிவாங்கியில் சொல்லும்போது, கை இயல்புக்கு மாறான நிலையில் இருந்தது என்றுதான் அவரால் சொல்ல முடியும். அந்தச் சொற்கள்தான் கேலரிக்கு ஏற்கெனவே புரியாதவை. தடுப்பாட்டக்காரரின் கைக்கு வேண்டுமென்றே என்ற பழைய அளவுகோலை மீண்டும் கொண்டுவந்து, பட்டதா, எங்கே பட்டது என்ற கேள்வியோடு காமிராவை நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. யூஃபா தலைவர் அலெக்சாண்டர் செஃபெரின் 2020-லேயே ஃபிஃபா தலைவருக்குக் கடிதம் எழுதி, முந்தைய விதிக்குத் திரும்பலாம் என்று கேட்டிருந்தார். ஐ.எஃப்.ஏ.பி.யில் மொத்தம் எட்டு வாக்குகள். பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்குத் தலா ஒன்று, ஃபிஃபாவுக்கு நான்கு. விதி மாற ஆறு வாக்குகள் வேண்டும். லெமினாவின் கையில் பந்து பட்ட மறுநாள் அந்த ஆறு வாக்குகளும் கிடைத்தன.